பெரிய எழுத்து

கூட்டேரிப்பட்டில் ஒரு அம்மா கூடையோடு இறங்கியதும் ரோஸ்லினுக்குப் பக்கத்து சீட் காலியானது. திண்டிவனத்திலிருந்து நின்றுகொண்டே வந்த அவள் அப்பா சவுரிராயன் பொத்தென்று உட்கார்ந்தார்.

உட்கார்ந்த கையோடு சட்டைப் பையிலிருந்து மாதிரித் தேர்வின் விடைகள் எழுதிய தாளை எடுத்தார்.

"கடைசியா ஒரு ரவுண்டு அடிச்சிடலாமா பாப்பா? விழுப்புரம் வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்."

இன்னும் இரண்டு மணி நேரத்தில் நுழைவுத் தேர்வு. பல் டாக்டர் படிப்புக்கு அவளுக்கு இருக்கிற ஒரே வழி அதுதான்.

மாதிரித் தேர்வில் நூற்றுக்கு எண்பதைத் தாண்டினால் சீட்டை எட்டிப் பிடிக்கலாம் என்று ஸ்டீபன்ராஜ் சார் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிந்த பிறகு, கோயில் மறைக்கல்வி அறையில் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தவர். பத்து மாதிரித் தேர்வுகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். விடைகளை மட்டும் அப்பா அம்மாக்களைக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

"விடை இருக்கிற கீ புள்ளைங்ககிட்ட இருந்தா கண்ணு தானா அங்க போவும். வீட்ல படிக்கச் சொல்லி டிக் போடுங்க. கீய நம்புங்க. ஏன் எதுக்குன்னு கேட்டுக்கினு நிக்காதீங்க."

சவுரிராயன் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவர். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். இங்கிலீஷில் அவருக்கு லாரி நம்பர் பிளேட்டில் இருக்கிற பெரிய எழுத்துதான் பழக்கம்.

மகள் படிப்பில் தனக்கும் ஒரு வேலை கிடைத்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் தூசி போகக் குளிப்பார். சலவைச் சட்டை போடுவார். அவளுக்கு எதிரே உட்கார்ந்து, தாளை நெஞ்சுக்கு நேராக நிமிர்த்திப் பிடித்து, ஏலம் விடுகிற மாதிரி கூவுவார்.

"ஒண்ணு, சீ! ரெண்டு, டி! மூணு, ஏ!"

முதல் சுற்றில் நாற்பதைத் தாண்டவில்லை. தப்பானதையெல்லாம் திருத்தி எழுதி மனப்பாடம் செய்தாள். அடுத்த சுற்றில் அறுபத்திரண்டு. அதற்கடுத்து எண்பத்து நாலு. அன்றைக்கு அப்பா டீக்கடையில் எல்லோருக்கும் டீ சொன்னார்.

பஸ் வேகம் எடுத்தது. பதினாறு கேள்வி ஓடிவிட்டது.

"பதினேழு?" என்றார்.

பல்லின் எனாமலை உண்டாக்கும் செல் எது? அவளுக்குக் கேள்வி எண்ணே போதும். முதல் தடவை பி என்று போட்டு, அப்பா டி என்று கூவியதும் தலையில் குட்டிக்கொண்ட கேள்வி. பல் டாக்டராகப் போகிறவள் பல்லிலேயே தப்பு விடலாமா என்று அழுதாள். புதிய விடையை ஒரு பக்கம் முழுக்க எழுதிப் பார்த்தாள்.

"டி," என்றாள்.

"டி! கரெக்ட்டு!"

இத்தனை நாள் எதிரே உட்கார்ந்தவர் இன்றைக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் விரல் பதினேழில் இருந்தது.

அங்கே சார் கையெழுத்தில் சின்ன பி.

அதன் பக்கத்தில், நீல மையில், தாளே கிழிகிற அழுத்தத்தில், பெரிய டி.

தாள் முழுக்க அப்படி இருந்தது. ஒவ்வொரு சின்ன எழுத்துக்கும் பக்கத்தில் ஒரு பெரிய எழுத்து. ஏ சரி. சீ சரி. பி இருந்த இடத்தில் சிலது பி, சிலது டி. டி இருந்த இடத்திலும் அதே கதை. சின்ன பி-யிலும் டி-யிலும் கோட்டுக்கு வயிறு எந்தப் பக்கம் என்று பார்க்காத கை, தோன்றியதை எழுதியிருந்தது.

"இத யாருப்பா எழுதினது?"

"நான்தான்." அவர் சிரித்தார். "சாரு பொடிசா எழுதிட்டாரு. உன் எதிர்ல தட்டுத் தடுமாறி நிக்கக் கூடாதில்ல? மொத நாளே ஒக்காந்து பத்து பேப்பருக்கும் பெரிசா போட்டு வச்சிக்கினேன்."

மற்ற ஒன்பது தாளும் திண்டிவனத்தில் டிரங்குப் பெட்டியில் இருந்தன.

எல்லாம் ஒரேயடியாகத் தலைகீழாக இருந்தாலாவது திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். அதுவும் இல்லை. ஆயிரம் கேள்வி. தனக்குத் தெரிந்ததில் எது பாடம், எது அப்பா என்று ரோஸ்லினால் பிரிக்க முடியவில்லை.

எனாமல், எனாமல் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். டி என்றுதான் வந்தது.

"இன்னா பாப்பா, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சி? வாந்தி வருதா?"

"இல்லப்பா. நீ கேளு."

பரீட்சை முடிகிறவரை வெளியே வெயிலில் நிற்கப் போகிறவர் அவர்.

"பதினெட்டு?"

அவள் ஓரக்கண்ணால் தாளைப் பார்த்தாள். சின்ன டி. பக்கத்தில் பெரிய பி.

"பி," என்றாள்.

"கரெக்ட்டு! பத்தொம்பது?"

விக்கிரவாண்டி போனது. என்ன படிப்புக்குத் தேர்வு, மையம் எது என்று விசாரித்துவிட்டு, கண்டக்டர் அவர்கள் சீட்டிலேயே சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தார். ஒரு இடத்திலும் அவள் தடுமாறவில்லை. ஒன்றுகூட விடவில்லை.

"நூறு!" சவுரிராயன் எழுந்தே விட்டார். கம்பியில் தலை இடித்தது. "யோவ் கண்டக்டரே, பார்த்தியா? நூத்துக்கு நூறு!"

"அப்ப நம்ம கடவாப் பல்லு ஒண்ணு ஆடுது. டாக்டரம்மா பஸ்சுலயே புடுங்கிடுவாங்களா?"

பஸ்சில் நாலைந்து பேர் சிரித்தார்கள். சவுரிராயன் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்து, பையை ஒரு தட்டுத் தட்டினார்.

"ஒண்ணுகூடத் தப்பில்ல பாப்பா. எப்பிடிம்மா?"

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு தெரிந்தது. ரோஸ்லின் பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டாள்.

"நீ படிச்சதத்தாம்பா நான் சொன்னேன்."