அறுபத்தைந்து வாட் பூட்டு

"அந்தப் பூட்டை மட்டும் எடுத்து விட்டுருங்க தம்பி. அது போதும்."

பெரியமுத்து தோளில் சுமந்து வந்த கம்ப்யூட்டர் பெட்டியை மேசைமேல் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். மூணாறு பஜாரில் இருக்கும் வினோவின் பழுதுபார்க்கும் கடைக்கு எல்லோரும் ஓடாத மெஷினைத்தான் கொண்டுவருவார்கள். நன்றாக ஓடும் மெஷினைத் தூக்கிக்கொண்டு, இரண்டு ஸ்வெட்டர் போட்ட எஸ்டேட் தொழிலாளி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கியது இதுவே முதல் தடவை.

"எந்தப் பூட்டுண்ணே?"

"பிராசசர் அறுபத்தஞ்சு வாட்டுக்கு மேல கரண்டு இழுக்காதாம்ல. கம்பெனிலயே பூட்டுப் போட்டு அனுப்பிருக்காகளாம். எம் மக ஆர்த்தி போன்ல சொன்னா. மெஷின் அவளோடதுதான்."

இவ்வளவு விவரமாக எந்த வாடிக்கையாளரும் பேசியதில்லை. வினோவுக்குச் சிரிப்பு வந்தது.

"எடுக்கலாம். எதுக்குண்ணே, கேம் விளையாடவா?"

"விளையாட்டெல்லாம் இல்ல தம்பி. நாளைக்கு மத்தியானம் அவ வீட்டுக்கு வர்றா. மெஷினு ராப்பகலா முழுசா ஓடணும். ஓடலைன்னா அவள மலைக்குக் கீழ கம்பத்துல இருக்குற சம்பந்தி வீட்டுக்குத்தான் அனுப்பணும். கொஞ்ச நாளாச்சும் எங்க கூட இருக்கட்டும்னு நானும் அவ அம்மாவும் நாளை எண்ணிக்கிட்டுக் கெடக்கோம்."

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பெண், மெஷின் மெதுவாக ஓடினால் வேலைக்கே ஆபத்து, பாவம் என்று வினோ நினைத்துக்கொண்டான். கையில் இருந்த மற்ற வேலையை ஒதுக்கி வைத்தான்.

மெஷினின் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போய் எண்ணை மாற்றி, சோதனை ஓட்டம் விட்டான். திரையில் வாட் கணக்கு நூற்றைம்பதுக்குத் தாவியது. பெரியமுத்துவின் முகம் மலர்ந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை, மறுபடியும் அறுபத்தைந்துக்கு இறங்கி நின்றுவிட்டது.

"என்ன தம்பி, விழுந்துருச்சு?"

"ரெண்டு பூட்டு இருக்குண்ணே. கொஞ்ச நேரத்துக்கு ஒண்ணு, நீடிச்சு ஓடுறதுக்கு ஒண்ணு. ரெண்டாவது இன்னும் இருக்கு."

அதையும் எடுத்தான். இந்த முறை பத்து நிமிடம் நின்றது. பிறகு மதர்போர்டே சூடு தாங்காமல் தானாகக் குறைத்துக்கொண்டது. வினோவுக்கு வீம்பு பிடித்தது. பிராசசரைக் குளிர வைக்கப் பெரிய கூலர் ஒன்றை மாட்டினான். மதர்போர்டுக்கு நேராக ஒரு சின்ன விசிறியையும் வைத்தான். மணி நாலைத் தாண்டியது. ஐந்து மணிக்குக் கடைசி ஜீப். பெரியமுத்து, வினோ வாங்கிக் கொடுத்த டீயைக்கூடத் தொடாமல் எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நூற்றைம்பது. அரை மணி நேரம் அசையவில்லை.

"சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டார் மனிதர்.

அத்தோடு விட்டிருக்கலாம். வினோவுக்குத் தொழில்மேல் கொஞ்சம் கர்வம் உண்டு. வோல்டேஜைத் துளித்துளியாகக் குறைத்து மறுபடி ஓட்டிக் காட்டினான்.

"இப்பப் பாருங்க. அதே வேகம், நூத்திப் பத்து வாட்தான். கரண்டு பில்லும் மிச்சம், மெஷினும் சூடாகாது."

பாராட்டு வரும் என்று நிமிர்ந்தவன், அவர் முகம் வாடிக் கிடப்பதைப் பார்த்தான்.

"வேண்டாம் தம்பி. பழையபடி நூத்தம்பதே வச்சுருங்க."

"வேகம் ரெண்டுக்கும் ஒண்ணுதாண்ணே."

"இருக்கட்டும். நூத்தம்பது."

வினோவுக்குச் சுருக்கென்றது. பெரிய எண்ணைப் பார்த்தால்தான் சில பேருக்குத் திருப்தி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே பழையபடி மாற்றினான்.

"சரி, சன்னல் பக்கமா வைங்க. ராத்திரி சன்னலைத் திறந்து விட்டுருங்க. மார்கழிக் குளிரு, மெஷினுக்கு நல்லது."

"ஐயோ, சன்னலைத் திறக்க முடியாதுங்களே."

"அப்ப ஒண்ணு சொல்றேன். ராப்பகலா இப்படி ஓட்டுனா பிராசசர் ஆயுசு குறையும். அப்புறம் என்னையச் சொல்லக்கூடாது."

"பங்குனி வரைக்கும் தாங்குனா போதும் தம்பி."

அடம் பிடிக்கிறவரிடம் என்ன பேசுவது? பெட்டியை மூடித் திருகாணிகளை முடுக்கினான். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

"அப்படி என்னண்ணே வேலை பாக்குறாங்க உங்க பொண்ணு?"

"வேலையா? அவதான் ஆறு மாசம் லீவுல இருக்காளே."

பெரியமுத்து சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். போன வாரம் எடுத்த படத்தில் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள், உள்ளங்கை அகலத் தொப்பியோடு ஒரு பிஞ்சு தூங்கிக்கொண்டிருந்தது.

"எம் பேத்தி. ரெண்டு கிலோகூட இல்ல. அறை கதகதப்பா இருந்தா மலைக்குக் கூட்டிட்டுப் போங்க, இல்லைன்னா நேரா கம்பத்துக்கே போயிருங்கன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக. கரி போட்டா புகை, குண்டு பல்பு போட்டா பிள்ளைக்குக் கண்ணு கூசும். ஹீட்டர் வச்சாலோ, எங்க லயத்து வீட்டு வயரிங் தாங்காதுன்னு எஸ்டேட்ல வந்து பிடுங்கிட்டுப் போயிருவாக. ஆர்த்தி வேலை பாக்கையில எங்க வீட்டுப் பூனை இந்தப் பெட்டி மேலதான் தம்பி சுருண்டு கெடக்கும். அதைப் பாத்துத்தான் எனக்கு இந்த யோசனையே வந்துச்சு."