பாசி பிடித்த குளம்

"எவன்டா என் குளத்துல கை வச்சவன்?" என்று வரப்பில் ஏறி நின்று கத்தியது தவளை. பச்சைப் பாசி குளத்தையே மூடிக் கிடந்தது. அடியில் மூச்சு முட்டி, அதன் தலைப்பிரட்டைகளில் பாதி செத்து மிதந்தன.

வரப்பில் சாய்ந்திருந்த, பாதி காலியான யூரியா மூட்டை சிரித்தது. "என்னை ஏன் முறைக்கிற அக்கா? ஏக்கருக்கு ஒரு மூட்டை போதும்னுதான் சொன்னாங்க. பக்கத்து வயல் கருகருன்னு நிக்குதேன்னு எங்காளு என்னையும் பிரிச்சு வீசுனாரு. அன்னிக்கே மழை. எல்லாம் மடை வழியா உன் குளத்துக்கு வந்து பாசிக்குத் தீனியாயிருச்சு. அந்தச் சாக்கடையைப் போய்க் கேளு, யோக்கியன் மாதிரி ஓடுறான்!"

எதிர்க்கரையில் டவுன் சாக்கடை நுரை தள்ளிக்கொண்டு குளத்தில் இறங்கியது. "நான் என்ன பண்ண தாயி? கக்கூஸ் தண்ணியைச் சுத்தம் பண்ணத் தொட்டி கட்டுனாங்க, ரிப்பன் வெட்டுனாங்க. மோட்டார் மாட்டல."

தவளை பல்லைக் கடித்துக்கொண்டு பேரத்தில் இறங்கியது. "சரி, ஆளுக்குப் பாதி குறைங்க. மிச்சப் பிள்ளைங்களையாவது காப்பாத்திக்கிறேன்."

"முதல்ல அவன் குறைக்கட்டும்" என்றன இரண்டும்.

அதற்குள் இன்னும் நாலைந்து குஞ்சுகள் வயிறு வெளுத்து மேலே வந்தன. தவளை இரண்டையும் விட்டுவிட்டு, வீடுகள் இருந்த திசையைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தியது.

"மூட்டை தானா பிரிஞ்சுதா? சாக்கடை தானா வழி வெட்டுச்சா? வீசுனவனும் வெட்டுனவனும் வெளியே வாங்கடா! இன்னைக்கே மடையை அடைங்க, மோட்டாரை மாட்டுங்க. என் பிள்ளைங்க கொஞ்சம்தான் மிச்சம்!"