பன்னிரண்டாவது உறை

"ஏழு கோல் போட்டானே நம்ம ஜாரெட், அவனுக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாதா? எந்தக் கண்ணவிஞ்சவன்யா அது?" கிளைவ் பீர் கிளாஸை மேஜையில் மோதினார்.

ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் ரசிகர் ஒருவர், சிறந்த மூன்று வீரர்களுக்கு 3, 2, 1 என்று ரகசியமாகப் புள்ளி எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுப்பது அந்தக் கால்பந்துக் கிளப்பின் வழக்கம். சீசன் முடிந்து இன்று எல்லா உறைகளையும் பிரித்திருந்தார்கள். ஏழு கோல் போட்ட பன்னிரண்டாவது ஆட்டத்தின் உறையில் ஜாரெட் பெயரே இல்லை. ஒரே ஒரு புள்ளியில் சீசனின் சிறந்த வீரர் கோப்பை அவன் கையைவிட்டுப் போனது.

"அவன் மேல வயித்தெரிச்சல் புடிச்ச எவனோதான் எழுதியிருக்கான். என்னய்யா சொல்றே, டெஸ்மண்ட்?"

டெஸ்மண்ட் தலை நிமிரவில்லை. எழுதியவர் அவர்தான். அன்று ஜாரெட்டை மிஞ்ச மைதானத்தில் ஆளில்லை என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் பேனாவைத் திறந்ததும், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம் வந்துவிட்டது.

அவர் தோளில் ஒரு கை விழுந்தது. ஜாரெட்.

"வீட்டுக்குப் போலாமா? அம்மா காத்துக்கிட்டிருப்பாங்க."

எழுந்தவரை வாசலில் நிறுத்திக் கேட்டான்.

"அன்னைக்கு நீங்களும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? நெஜத்தைச் சொல்லுங்க அப்பா, அவ்வளவு மோசமாவா ஆடினேன்?"