பூப்பொட்டலம்

"பூவுக்குள்ள வச்சிட்டேன். அங்க வந்து என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு ஒக்காராம இருந்தீங்கன்னா போதும்" என்று வேனில் கணவரின் காதோரம் கிசுகிசுத்தாள் கொளஞ்சியம்மாள்.

ராசாங்கம் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினார். மகன் அறிவழகனுக்குப் பெண் பேசி முடித்து, பூ வைப்பதற்காகப் பூலாம்பாடியிலிருந்து அரியலூருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஈரத்துணிக்குள் வாழையிலை, வாழையிலைக்குள் மல்லிகை, மல்லிகைக்கு நடுவில் ராசாங்கத்தின் இன்சுலின் பாட்டில்.

போன ஐப்பசியில்தான் திருச்சியில் அவருக்கு இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். பத்து வருஷமாக மாத்திரைக்கு டிமிக்கி கொடுத்து வந்த சர்க்கரைக்கு ஊசியும் எழுதிக்கொடுத்தார்கள். "ஊசி போடுறவங்களுக்குத்தான் ஸ்டென்ட்டு திரும்ப அடைச்சுக்குதாம்" என்று டீக்கடையில் யாரோ கிளப்பிவிட, இவர் ஒரு வாரம் ஊசியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"சர்க்கரை முத்திப்போனவங்களுக்குத்தாங்க ஊசி எழுதறோம். அவங்களுக்கு அடைக்கிற வாய்ப்பு கொஞ்சம் கூடத்தான். ஆனா அது சர்க்கரை பண்ற வேலை. பழிய ஊசி மேல போடாதீங்க. இனிமே ஒரு வேளைகூட விடக்கூடாது."

அன்றிலிருந்து அவர் விட்டதில்லை. ஆனால் பெண் வீட்டில் இதையெல்லாம் சொல்ல முடியுமா? "மாமனார் நெஞ்சுல கம்பி வச்சிருக்காங்களாம், பையன் ஒடம்பு எப்படியோ" என்று ஏற்கெனவே இரண்டு இடம் கைநழுவிப் போயிருந்தது. இதுவும் போனால் மகன் முகத்தில் எப்படி விழிப்பது? அவனோ ஒரு மாதமாகப் பெண் மஞ்சுவோடு போனும் காதுமாகத் திரிகிறான்.

பெண்ணின் அப்பா தங்கசாமி வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"பன்னெண்டு மணி வரைக்கும் ராகு காலங்க. அது முடிஞ்சதும் பூ வச்சிட்டு, சித்த நேரத்துல சாப்புட ஒக்காந்துரலாம்."

"அதுக்குள்ள பூ வாடிரும்ங்க. பிரிட்ஜுல வச்சிருங்க" என்று கொளஞ்சியம்மாள் பொட்டலத்தைப் பெண்ணின் அம்மா அம்மாக்கண்ணுவிடம் நீட்டினாள். "பிரிக்காம அப்படியே வைங்க. நேரம் வந்ததும் நானே எடுத்துக்கறேன்."

மனைவியின் மூளையை ராசாங்கம் மனதுக்குள் மெச்சிக்கொண்டார். வெயிலில் கெட்டுப்போகிற மருந்துக்குக் குளிர்ச்சியும் கிடைத்தது, யாருக்கும் சந்தேகமும் வரவில்லை. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் அவள் பாட்டிலைக் கொடுத்தால் பாத்ரூமுக்குள் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். சிரிஞ்சு ஏற்கெனவே வேட்டிக்குள் போட்டிருந்த பட்டாப்பட்டி டவுசர் பையில் பத்திரமாக இருந்தது.

ஜாங்கிரித் தட்டுகள் வந்தன.

"குலசாமிக்கு நேந்துக்கிட்டு இனிப்ப விட்டிருக்கேங்க" என்றார் ராசாங்கம், நாக்கில் ஊறியதை விழுங்கிக்கொண்டு.

"அட, நல்ல காரியத்துல போயி!" என்று வருத்தப்பட்ட தங்கசாமி, தன் தட்டையும் சேர்த்து அறிவழகன் பக்கம் தள்ளினார். "மாப்ள, எல்லாத்தையும் நீங்களே சாப்புடுங்க. வயசுப்புள்ள." பிறகு ராசாங்கத்தின் பக்கம் திரும்பினார். "சம்பந்திக்கு ஒடம்பெல்லாம் எப்படிங்க?"

"கல்லு மாதிரிங்க." பொய் சொன்ன நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. "உங்களுக்குங்க?"

"எனக்கென்னங்க கொறச்சல்! தெனம் காலையில ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் நடந்தே போயிட்டு வந்துருவேன். இந்த வூட்டுல மாத்திரைங்கற பேச்சே கெடையாது."

ராசாங்கம் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு விஷயம் தெரிந்தால் வேன் வரைக்கும் வந்து வழியனுப்பிவிட்டு, மறுநாளே வேறு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

மணி பன்னிரண்டு அடித்தது. கொளஞ்சியம்மாள் சட்டென்று எழுந்தாள். அதற்குள் பெண்ணின் சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேர், "மாமியார் கையாலதான் புடவை குடுக்கணும், வாங்க" என்று அவளை உள் அறைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இந்தப் பக்கம் அம்மாக்கண்ணு பூப்பொட்டலத்தைத் தாம்பாளத்தில் வைத்துத் தானே கூடத்துக்குத் தூக்கி வந்துவிட்டாள்.

"இருங்க, இருங்க, அவ வரட்டும்!" என்று ராசாங்கம் பதறினார்.

"இதுல என்னங்க இருக்கு, பிரிச்சு வைக்கறேன்" என்றவள் வாழையிலையை விரித்துப் பூவை உதறித் தூக்கினாள்.

டங்கென்று தாம்பாளத்தில் விழுந்த பாட்டில், உருண்டு கீழே இறங்கி, நேராகத் தங்கசாமியின் காலடியில் போய் நின்றது.

ராசாங்கம் கண்களை இறுக மூடிக்கொண்டார். போச்சு, மூன்றாவது இடமும் போச்சு. பாவம் பிள்ளை, அவன் என்ன தப்பு செய்தான்? அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

தங்கசாமி குனிந்து பாட்டிலை எடுத்து, அதில் எழுதியிருந்ததைப் படித்தார். அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஏண்டி அம்மாக்கண்ணு! சம்பந்தி வூட்டுக்காரங்க கெளம்புற வரைக்கும் என் ஊசி மருந்த யாரு கண்ணுலயும் படாம வைன்னா, பூவுக்குள்ளயா கொண்டு போயி வைப்ப? ஒன்னால நான் நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட்டு வச்சவன்னு இப்ப எல்லாருக்கும் தெரியப்போவுது!"

ராசாங்கம் மெல்லக் கண்ணைத் திறந்து, வாயெல்லாம் பல்லாகக் கையை நீட்டினார். "அது என்னுதுங்க சம்பந்தி, இப்படிக் குடுங்க. எனக்கு ஒரே ஒரு ஸ்டென்ட்டுதான்!"