தனிப்பாதை

"காரை விட்டுட்டு பஸ்ல ஏறச் சொல்றியே, ஊரே பார்த்துச் சிரிக்கணும்னா?"

முணுமுணுத்தபடியே ஏறினான் ஹெர்மாவன். பாண்டுங் நகரத்தின் பெரிய கார் ஷோரூமில் விற்பனை மேலாளர். அவன் மனைவி லிலிஸ், நகரப் போக்குவரத்துத் திட்டக் குழுவில் இருப்பவள். சாலையில் ஒரு பக்கத்தைத் தடுத்து, பஸ்ஸுக்கு மட்டும் என்று ஒதுக்கியது அவள் யோசனை. அதை எடுக்கச் சொல்லி கடைக்காரர்கள் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்து அவனுடையது. வெள்ளிக்கிழமை நகர சபை முடிவு சொல்லப்போகிறது.

"என்னங்க, வேலையைப் போட்டுட்டு ஸ்டாப்புக்கு வாங்க. ஒரே ஒரு தடவை என்கூட பஸ்ல வாங்க" என்று அவள் போன் செய்தபோதே அவனுக்குப் புரிந்துவிட்டது. சபை கூடுவதற்குள் அவனை மடக்கப் பார்க்கிறாள்.

சாயங்காலக் கூட்டம். ஒரு பள்ளி மாணவி எழுந்து லிலிஸுக்கு இடம் கொடுத்தாள். உட்கார்ந்தும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கம்பியைப் பிடிப்பாள், விடுவாள்; ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பாள்; போனில் மணி பார்ப்பாள்.

"உன் திட்டத்து மேல உனக்கே இவ்வளவு பயமா?"

"பேசாம வாங்க."

"பாதி ரோட்டைப் பிடுங்கிட்டீங்க. ஷோரூம் பக்கம் ஆள் எட்டிப் பார்க்கறதில்ல. இதுல ஊர் முன்னேறும்னு பேச்சு வேற."

"பின்னாடி பாருங்க. அந்தப் பொண்ணுங்க எல்லாம் தையல் ஃபாக்டரி. முன்னெல்லாம் ரெண்டு வேன் மாறுவாங்க. லேட்டானா அரைநாள் கூலி போயிடும். இப்ப..."

பேச்சு பாதியில் நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"என்ன, மேல சொல்ல ஒண்ணும் இல்லியா?"

வெளியே மேம்பாலத்தில் கார்கள் அசையாமல் நின்றன. பஸ் மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஹெர்மாவன் அதைக் கவனிக்காதவன்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சட்டென்று பஸ் நின்றது. பாதையின் குறுக்கே ஒரு வெள்ளைக் கார். அதன் சொந்தக்காரர் ஓரத்து பக்ஸோ கடையில், இறைச்சி உருண்டை சூப் கிண்ணமும் கையுமாக நின்றிருந்தார். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். மனுஷன் திரும்பவே இல்லை.

"இறங்கிப் போய் அந்தக் காரை எடுக்கச் சொல்லுங்க" என்றாள் லிலிஸ்.

"நானா? எனக்கென்ன தலையெழுத்து?"

"போங்க."

அந்தக் குரலை அவன் இதுவரை கேட்டதில்லை. இறங்கிப் போனான்.

"அட, ஹெர்மாவன் சாரா! உங்ககிட்ட வாங்கின வண்டி ஜம்முனு ஓடுது. பஸ் பாதைல நிறுத்தினா யாரும் கேக்க மாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

பஸ் ஜன்னல்களில் சிரிப்பு எழுந்தது. அவனுக்குக் காது சிவந்தது.

"இப்ப நான் கேக்கறேன். எடுங்க சார்."

திரும்பி வந்தவன் பொருமினான். "திருப்தியா? போய் சபையில இதையும் சொல்லு."

அவள் அவன் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். நகம் பதிந்தது. பஸ் மறுபடி வேகமெடுத்தது.

இரண்டு ஸ்டாப் தாண்டியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "இறங்கணும்."

"இங்கயா? இங்க என்ன இருக்கு?"

படியில் அவன் தோளைப் பற்றி மெல்ல இறங்கியவள், எதிரே இருந்த மகப்பேறு மருத்துவமனையைக் காட்டினாள். "டாக்டர் சொன்ன தேதி வரலைன்னு நீங்க இருக்கீங்க, எனக்குக் காலையிலேர்ந்தே வலி, சொல்லியிருந்தா என்னைக் கார்லதான் ஏத்தியிருப்பீங்க, உங்க பிள்ளை அந்த மேம்பாலத்து மேலயே பொறந்திருக்கும்!"