நடுவயிறு வேறானவன்

“தினம் பார்க்கிற முகம்தானே அக்கா, இன்னுமா சோதனை?”

முகவரிக்கு இதே புலம்பல்தான் தினமும். ஒரு துணிக்கடைக்குக் கிரிப்டோ பணம் வந்து சேர வேண்டிய முகவரி அவன். எழுத்தும் எண்ணுமாக ரயில் நீளத்துக்கு இருப்பான். கடையின் ரகசியச் சாவி அவனுக்கென்று போட்டுத் தந்த கையெழுத்தைக் காட்டினால்தான் வாடிக்கையாளரின் திரைக்குப் போகலாம். அதைச் சரிபார்க்க வாசலிலேயே உட்கார்ந்திருப்பவள் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் என்ற நிரல் தொகுப்பு.

“சோதிக்காம விட நீ என்ன எங்க வீட்டு மாப்பிள்ளையா? எடு கையெழுத்தை!”

அவன் முனகிக்கொண்டே எடுத்து நீட்டுவதற்குள் இன்னொருவன் முந்திக்கொண்டு வந்து நின்றான். தலையும் வாலும் அச்சு அசல் இவனுடையவை. நடுவயிற்று எழுத்துகள் மட்டும் வேறு. பணம் கட்டுகிறவர்கள் நடுவயிற்றை எங்கே பார்க்கிறார்கள்? கடையின் காசெல்லாம் எவன் பைக்கோ போகப்போகிறது என்று முகவரிக்கு வியர்த்துவிட்டது.

“தினம் பார்க்கிற முகம்தானே அக்கா!” என்று இளித்தான் வந்தவன்.

“கையெழுத்து எங்கே?”

அவன் முகவரியின் கையிலிருந்ததை எட்டிப் பார்த்து, அப்படியே நகலெடுத்து நீட்டினான். அவள் அதை அவனுடைய ஒவ்வொரு எழுத்தோடும் ஒத்துப் பார்த்தாள்.

“அடுத்தவன் அளவுக்குத் தைச்ச சட்டைடா இது. உனக்கு வயித்துல பட்டன் மாட்டலை. கிளம்பு!”

அவன் ஓடியே போனான். முகவரி தன் கையெழுத்தை, யாரும் கேட்காமலே, இரண்டு கையாலும் நீட்டினான்.

“சரியா இருக்கு, போ” என்றாள் அவள்.

அவன் நகரவில்லை.

அவள் அடுத்த ஆளைக் கூப்பிடத் திரும்பிவிட்டாள்.

“அக்கா, என் நடுவயிற்றை இன்னும் ஒரே ஒரு தரம் பாரேன்!”