நான்கு விநாடி

என் கணவர் அருள்தாசன் படகோடு கடலில் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவர் குரல் தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய சிறிய திமிங்கல அருங்காட்சியகத்தில் மட்டுமே மிஞ்சியிருந்தது. திமிங்கல ஓசையைப் பதிவுசெய்தவர்களுக்குப் படகு ஓட்டியவர் அவர். பதிவில் திமிங்கலம் கூப்பிடும். படகிலிருந்து இவர் விளையாட்டாகப் பதில் சொல்வார். நான்கு விநாடி. அதற்காகவே நான் மாதாமாதம் போவேன். வெட்கத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

அன்றும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். திமிங்கலம் கூப்பிட்டது. திமிங்கல மொழியைப் பெயர்த்துக் காட்டும் திரையில் அதன் பேச்சு வழக்கம்போல் தமிழில் வந்தது: ‘அங்கே இருக்கிறாயா?’ பிறகு, அவர் பதில் வரவேண்டிய இடத்தில் வெறும் அமைதி. மறுபடியும் அதே கேள்வி.

காப்பாளர் பிரின்சியிடம் ஓடினேன்.

“புது மெஷின் மைனி. இன்ஜின் சத்தம், மனுச சத்தம் எல்லாத்தையும் எடுத்துட்டு. இப்ப கண்ணாடி மாதிரி கேக்குல்லா?”

“பழசு இருக்கா?”

“அதுக்கு மேலயேதான் பதிஞ்சிட்டாவ.” என் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. “அண்ணன் அதுல பேசுனாவளா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா மைனி.”

திரும்பிப் போய் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். திமிங்கலம் கேட்டுவிட்டு நிறுத்தியதும், அவர் சொன்னதை நானே உரக்கச் சொன்னேன்.

“இங்கதாம்ல இருக்கேன். எங்க போவப் போறேன்?”

பக்கத்திலிருந்த பள்ளிப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஹெட்ஃபோனும் புதியதுதான். அது மனிதக் குரலை உள்ளே விடவில்லை. நான் பேசியது எனக்கே கேட்கவில்லை.